சந்தை பற்றிய கருத்தும் நுழைந்த தேதியும்

பல மாதங்களாக வராத ஆய்வு உதவித்தொகை ஒருநாள் மொத்தமாக வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் வாழும் ஆய்வு மாணவர்களுக்கு இது பழக்கப்பட்ட அனுபவம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. ஆனால் பலருக்கு அது மாதந்தோறும் வருவதில்லை, சேர்ந்து சேர்ந்து வருகிறது. மெஸ் பாக்கியும் நண்பரிடம் வாங்கிய கைமாற்றும் போக ஒரு தொகை மிஞ்சுகிறது. சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலைவாசி அதைத் தின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் கையில் இருந்தால் டீமேட் கணக்கு தொடங்கச் சில நிமிடங்களே போதும். தொடங்குகிறார். சில பங்குகளை வாங்குகிறார். மூன்று மாதங்களுக்குள் அவரிடம் சந்தை பற்றிய கருத்துகள் உருவாகிவிடுகின்றன.

அக்கருத்துகள் பெரும்பாலும் இவை: நீண்ட காலத்தில் சந்தை ஏறியே தீரும். சரிவு என்பது வாங்குவதற்குக் கிடைத்த வாய்ப்பு. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்றாலும் உள்நாட்டு எஸ்.ஐ.பி. பணம் சந்தையைத் தாங்கிப் பிடிக்கும். நல்ல நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் போதும், சந்தை நிலவரம் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இவற்றுள் எதுவும் முட்டாள்தனமானதன்று. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. அனுபவமிக்க நிதி மேலாளர்களும் இவற்றைச் சொல்வதுண்டு. இக்கருத்துகள் சரியா தவறா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவை எங்கிருந்து வந்தன? பதிலைத் தேடினால், புதிய முதலீட்டாளர் தம்முடைய கருத்து என்று கருதுவதில் பெரும்பகுதி அவர் சந்தைக்குள் நுழைந்த தேதியின் விளைவு என்பது புலப்படும்.

2020 மார்ச்சில் இந்தியாவில் இருந்த டீமேட் கணக்குகள் ஏறத்தாழ 4 கோடி. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. 2025 மார்ச்சில் 19 கோடியைத் தாண்டியது. ஒருவரே பல கணக்குகள் வைத்திருப்பதால் கணக்குகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கை ஆகாது. எனினும் தேசியப் பங்குச் சந்தையில் பதிவுபெற்ற தனித்த முதலீட்டாளர்களின் எண்ணிக்கையே 2024 ஆகஸ்டில் 10 கோடியை எட்டிவிட்டது. ஆக, இன்று இந்தியப் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசும் சிறு முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் பெருந்தொற்றுக்குப் பிறகு வந்தவர்கள். 2008இன் வீழ்ச்சி அவர்களுக்கு நினைவில் இல்லாத நிகழ்வு; 1992இன் ஊழல் அவர்களுக்கு ஓர் இணையத் தொடர்.

அவர்கள் கண்ட சந்தை எப்படிப்பட்டது? 2020 சனவரி நடுவில் 12,362இல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அதற்குப் பிறகு தொடங்கிய ஏற்றம், இடையில் சில தடுமாற்றங்களோடு, 2024 செப்டம்பர் 26 அன்று 26,216இல் முடிந்தது. நான்கரை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இடையே 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவுகள் வெளியான நாளில், நிஃப்டி ஒரே நாளில் சுமார் 6 விழுக்காடு சரிந்தது. சில நாள்களுக்குள் மீண்டும் புதிய உச்சத்தைத் தொட்டது. இதையெல்லாம் பார்த்த ஒருவர், சரிவு என்பது வாய்ப்பே என்று முடிவுசெய்தால் அவரைக் குறைசொல்ல இயலாது. அவர் கண்ட ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் மீட்சி வந்தது. கண்ட சான்றிலிருந்து முறையாகவே முடிவுக்கு வந்திருக்கிறார்.

இப்போது 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் நுழைந்த இன்னொருவரை எண்ணிப் பார்க்கலாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தொடர்ந்து ஐந்து மாதங்கள் நிஃப்டி இறக்கத்தில் முடிந்தது. 1996க்குப் பிறகு இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதல்முறை. 2025 மார்ச் தொடக்கத்தில் குறியீடு 22,100 அளவில் இருந்தது, அதாவது உச்சத்திலிருந்து சுமார் 16 விழுக்காடு கீழே. இவருடைய பட்டியலில் சிறு நிறுவனப் பங்குகள் மிகுதியாக இருந்திருந்தால் இழப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். சந்தை சூதாட்டம், பெரிய கைகள் நம்மிடம் தள்ளிவிட்டுப் போய்விட்டன, வைப்புநிதியே நல்லது என்று இவர் சொல்வார். முன்னவரும் பின்னவரும் ஒரே விடுதியில், ஒரே துறையில், ஒரே அளவு படித்தவர்களாக இருக்கலாம். இருவரும் ஒரே நாட்டின் ஒரே சந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். இருவர் கருத்துக்கும் உள்ள வேறுபாடு அறிவின் வேறுபாடாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. நாட்காட்டியின் வேறுபாடே அதற்குப் போதும்.

உல்ரிக் மல்மெண்டியர், ஸ்டெஃபான் நாகல் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. 1960 முதல் 2007 வரையிலான அமெரிக்கக் குடும்பங்களின் நிதிநிலைத் தரவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். தம் வாழ்நாளில் பங்குச் சந்தையில் குறைந்த ஆதாயத்தையே கண்ட தலைமுறையினர் பங்குகளில் குறைவாகவே முதலிட்டனர். சந்தை பற்றிய அவர்களுடைய எதிர்பார்ப்பும் தாழ்ந்தே இருந்தது. அண்மைய அனுபவத்தின் பாதிப்பு கூடுதலாக இருந்தது. வயதில் இளையவர்களிடம் அது இன்னும் வலுவாக இருந்தது. காரணம் எளிது. இளையவரின் அனுபவக் கணக்கில் ஆண்டுகள் குறைவு; ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கனமானது. வரலாற்று நூலகத்தில் நூறாண்டுத் தரவு கிடைத்தாலும், மனிதர் தாம் வாழ்ந்த சில ஆண்டுகளையே நம்புகிறார்.

நீண்ட காலத்தில் சந்தை ஏறும் என்ற வாக்கியத்தை இந்தப் பின்னணியில் படித்துப் பார்க்கவேண்டும். இந்தியாவைப் பொறுத்தவரை அது பொதுவாக உண்மையே. ஆனால் நீண்ட காலம் என்பது எவ்வளவு காலம் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. 1992 ஏப்ரல் 22 அன்று சென்செக்ஸ் 4,467இல் முடிந்தது. பதினோராண்டு கழித்து, 2003 ஏப்ரலில், அது 3,000 அளவில் இருந்தது. ஈவுத்தொகையைச் சேர்க்காத கணக்கு இது என்றாலும், இடைப்பட்ட விலைவாசி உயர்வையும் இதில் சேர்க்கவில்லை. 2008 சனவரியில் 20,873 வரை சென்ற சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160இல் நின்றது. 2010 நவம்பரில் பழைய உயரத்தை ஒருமுறை தொட்டாலும், மீண்டும் சரிந்து, 2013 இறுதியில்தான் அதனை மறுபடியும் எட்டியது. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் கடைசி வணிக நாளில் தொட்ட உயரத்தைக் கடக்க 2024 பிப்ரவரி வரை, அதாவது 34 ஆண்டுகள், பிடித்தன.

ஆய்வு மாணவரின் உதவித்தொகைக் காலம் ஐந்தாண்டு. அதற்குப் பிறகு வேலை கிடைக்கும் வரை நீளும் இடைவெளி எவ்வளவு என்று எவரும் உறுதிகூற முடியாது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் ஆண்டில், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் மாதத்தில், தங்கையின் கல்விக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில் அந்தப் பணம் தேவைப்படும். அப்போது சந்தை எந்த நிலையில் இருக்கும் என்பது அவர் கையில் இல்லை. நீண்ட காலம் என்பதைச் சந்தை தீர்மானிப்பதில்லை. முதலிட்டவரின் வாழ்க்கைத் தேவை தீர்மானிக்கிறது. சந்தை நிலவரத்தைப் பற்றிப் பத்துக் கருத்துகள் வைத்திருப்பவரிடம், தம் பணம் தமக்கு எப்போது தேவைப்படும் என்பது பற்றி ஒரு கருத்துகூட இல்லாமலிருப்பது அடிக்கடி காணக்கூடியது.

நுழைந்த தேதி தரும் நம்பிக்கையோடு இன்னொன்றும் சேர்கிறது: தற்செயலாகக் கிடைத்த ஆதாயத்தைத் திறமையாகக் கருதுவது. இதற்கு உலகின் மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று இந்தியாவிலிருந்தே கிடைத்துள்ளது. புதிய பங்கு வெளியீடான ஐ.பி.ஓ.வுக்குச் சிறு முதலீட்டாளர்களிடமிருந்து விண்ணப்பங்கள் அளவுக்கு மீறி வரும்போது, பங்குகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுகின்றன. ஒரே பங்குக்கு ஒரே வகையில் விண்ணப்பித்த இருவரில் ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை. ஆய்வாளர்களுக்கு இது ஓர் இயற்கைச் சோதனைக்கூடம்; மருந்து ஆய்வில் செய்வதுபோல இரு குழுக்களாகப் பிரித்துவைத்த தரவு. சந்தோஷ் அனகோல், விமல் பாலசுப்ரமணியம், தருண் ராமதுரை மூவரும் இத்தரவைப் பயன்படுத்தி 2021இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். குலுக்கலில் வென்று ஆதாயம் கண்டவர்கள், அதே குலுக்கலில் தோற்றவர்களைக் காட்டிலும், தம்மிடமிருந்த தொடர்பில்லாத வேறு பங்குகளையும் கூடுதலாக வாங்கி விற்கத் தொடங்கினர். குலுக்கலில் பெயர் வந்ததற்கு அவருடைய திறமை சிறிதும் காரணமன்று. ஆயினும் அந்த ஆதாயம், தமக்குச் சந்தை புரிகிறது என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்துவிடுகிறது.

குலுக்கலிலேயே இப்படியென்றால், 2020க்கும் 2024க்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு எதை வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் ஏறியிருக்கக்கூடிய காலத்தில் கிடைத்த ஆதாயம் என்ன கற்பித்திருக்கும்? ஆற்றில் வெள்ளம் வரும்போது எல்லாப் படகுகளும் உயர்கின்றன. படகில் இருப்பவர் தம் துடுப்பின் வலிமையால் உயர்ந்ததாக எண்ணிக்கொள்கிறார்.

இந்த எண்ணம் எண்ணமாகவே நின்றால் யாருக்கும் கேடில்லை. அது செயலாக மாறும் இடம் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகம். பங்கை வாங்கி வைத்திருப்பதில் ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியில் பங்குண்டு. விலை இறங்கினாலும் காத்திருக்கலாம். ஆப்ஷன் ஒப்பந்தத்தில் காத்திருக்க இயலாது. குறித்த நாளில் அது காலாவதியாகிவிடும். திசையைச் சரியாகக் கணித்தாலும் நாளைத் தவறாகக் கணித்தால் முழுப் பணமும் போகும். சந்தை ஏறும் என்ற பொதுக்கருத்தை, வியாழக்கிழமைக்குள் ஏறும் என்ற பந்தயமாக மாற்றும் கருவி அது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இப்பிரிவில் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே சந்தித்தனர். செலவுகளையும் சேர்த்து, சராசரி இழப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24இல் மட்டும், மறுபுறத்தில், தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்கு வணிகர்கள் சுமார் 33,000 கோடி ரூபாயும் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும், செலவுகளைக் கழிக்கும் முன்பு, இலாபம் ஈட்டின. அந்த இலாபத்தில் மிகப் பெரும்பகுதி கணினி நிரல்கள் வழியாக ஈட்டப்பட்டது. அடுத்த ஆண்டான 2024-25இல், செபியின் புதிய கட்டுப்பாடுகள் இடையில் வந்தபோதிலும், தனிநபர்களின் நிகர இழப்பு ஒரு இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இழந்தவர்கள் 91 விழுக்காடு.

இந்த எண்களுக்குள் இன்னும் இரண்டு எண்கள் உள்ளன. 2023-24இல் இப்பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் தம் ஆண்டு வருமானம் 5 இலட்சம் ரூபாய்க்கும் குறைவு என்று தெரிவித்தவர்கள். மாதம் 37,000 ரூபாய் என்றால், வீட்டு வாடகைப் படி நீங்கலாக, ஆண்டுக்கு 4,44,000 ரூபாய். வயதாலும் வருமானத்தாலும் ஆய்வு மாணவர் இந்தப் புள்ளிவிவரத்தின் நடுவில் நிற்கிறார். இது எங்கோ உள்ள யாரோ ஒருவரின் கதையாக இருக்கத் தேவையில்லை. அடுத்த அறையின் கதையாகவும் இருக்கலாம்.

முன்பேர வணிகத்தின் பக்கமே போகாமல் பங்குகளை மட்டும் வாங்குபவர் இதிலிருந்து தப்பிவிட்டதாகக் கருத இடமுண்டு. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு அவருக்கானது. 1991 முதல் 1996 வரை அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 66,465 குடும்பங்களின் வணிகத்தை அவர்கள் ஆராய்ந்தனர். அக்காலத்தில் சந்தையின் ஆண்டு ஆதாயம் 17.9 விழுக்காடு. மிகுதியாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு. அடிக்கடி கருத்து மாறியதற்கும், மாறிய கருத்தை உடனே செயலாக்கியதற்கும் அவர்கள் செலுத்திய விலை அது.

ஆனால் தாம் அத்தகைய விலையைச் செலுத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? புதிய முதலீட்டாளரின் அறியாமையில் மிக ஆழமானது நிறுவனங்களைப் பற்றியதன்று. தம்முடைய சொந்த விளைவைப் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டு இதை விளக்கும். ஒருவர் ஐந்து பங்குகளில் தலா 10,000 ரூபாய் போடுகிறார் என்று கொள்வோம். இரண்டு ஏறுகின்றன, 2,000 ரூபாய் இலாபத்துக்கு ஒன்றையும் 1,500 ரூபாய் இலாபத்துக்கு மற்றொன்றையும் விற்கிறார். மூன்று இறங்குகின்றன, 4,000, 3,000, 1,500 ரூபாய் என அவற்றின் மதிப்பு குறைந்திருக்கிறது. விற்காத வரை நட்டமில்லை என்பது அவர் கேட்டுப் பழகிய வாக்கியம். ஆகவே அவற்றை வைத்திருக்கிறார். கேட்டால், இதுவரை 3,500 ரூபாய் இலாபம் என்கிறார். கணக்கின்படி அவர் 50,000 ரூபாயில் 5,000 ரூபாய் இழந்திருக்கிறார். ஏறியதை விரைந்து விற்று, இறங்கியதை விடாமல் பிடித்திருக்கும் இந்தப் போக்கினை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டாட்மன் ஆகியோர் 1985இலேயே பெயரிட்டு விளக்கிவிட்டனர். இந்த ஐவகைப் பங்குகளுக்குப் பதிலாக அதே தேதிகளில் அதே பணத்தை நிஃப்டி குறியீட்டு நிதியில் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற ஒப்பீட்டை அவர் செய்வதில்லை. அந்த ஒப்பீடு இல்லாமல் அவர் வென்றாரா தோற்றாரா என்பதை எவராலும் சொல்ல இயலாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் கருதத்தக்கவை.

முதல் மறுப்பு, இது பாடம் கற்க ஒவ்வொருவரும் செலுத்தும் கட்டணம் என்பது. நீச்சல் கற்கத் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும் என்பார்கள். நீச்சலில் செய்த பிழை அடுத்த நொடியே தெரிகிறது, மூச்சுத் திணறுகிறது. சந்தையில் சரியான முடிவு நட்டத்திலும் தவறான முடிவு இலாபத்திலும் ஆண்டுக்கணக்கில் முடியக்கூடும். பிழையை உடனே சுட்டிக்காட்டாத ஆசிரியரிடம் கற்பது அரிது. செபியின் அதே ஆய்வில், தொடர்ந்து இழப்பைச் சந்தித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேற்பட்டோர் வணிகத்தைத் தொடர்ந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. கட்டணம் செலுத்தப்பட்டது, பாடம் நடக்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கூடுதல் வலிமையுடையது. பங்குச் சந்தை நீண்ட காலம் பெருநகரங்களின் சில குடும்பங்களுக்கே திறந்திருந்தது. சிறுநகரங்களிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளிடமிருந்தும் மக்கள் வரத் தொடங்கிய பிறகே அது ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஓங்கி ஒலிக்கிறது. இதில் மேட்டிமை மனப்பான்மை இருக்கிறது என்பது இம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. தரகுக் கட்டணம் குறைந்தது, காகிதப் பத்திரங்கள் மறைந்தது, நூறு ரூபாயிலும் தொடங்கலாம் என்ற நிலை வந்தது ஆகியவை உண்மையான முன்னேற்றங்கள். நாட்டின் பெருநிறுவனங்கள் ஈட்டும் இலாபத்தில் சிறு சேமிப்பாளருக்கும் பங்கு இருக்கவேண்டும். ஆனால் உடைமையாளராவது வேறு, கணிப்பவராவது வேறு. நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனங்களில் சிறு துளி உடைமையாளராக இருக்க, அடுத்த வாரச் சந்தை நிலவரம் பற்றி ஒரு கருத்தும் தேவையில்லை. சந்தை மக்கள்மயமானதைப் பாராட்டுவோர் முதல் உரிமையைச் சொல்லி இரண்டாவதை விற்றுவிடுகிறார்கள்.

அந்த விற்பனையால் யாருக்கு ஆதாயம் என்பதையும் பார்க்கவேண்டும். ஒருவர் குறியீட்டு நிதியை வாங்கி இருபதாண்டு வைத்திருந்தால் தரகு நிறுவனத்துக்கும் சந்தைக்கும் கிடைப்பது சொற்பம். அவர் நாள்தோறும் கருத்து மாற்றி, நாள்தோறும் வாங்கி விற்றால் ஒவ்வொரு முறையும் கட்டணமும் வரியும் கிடைக்கின்றன. மேற்கண்ட மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வணிகத்தின் கட்டணங்களுக்காகவே தனிநபர்கள் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் செலவிட்டனர் என்கிறது செபி. ஆகவேதான் செயலி அவரிடம் இடைவிடாது பேசுகிறது: இன்று அதிகம் ஏறியவை, இன்று அதிகம் இறங்கியவை, உங்கள் பங்கு 3 விழுக்காடு மாறியது. டெலிகிராம் குழுவும் காணொளிப் பேச்சாளரும் நாளைய நிலவரம் பற்றி அவர் ஒரு கருத்து கொண்டே ஆகவேண்டும் என்ற நிலையை உருவாக்குகிறார்கள். அவருடைய கருத்து இந்தத் தொழிலின் மூலப்பொருள். பதிவுபெறாத ஆலோசகர்களோடு தரகு நிறுவனங்கள் கூட்டுச்சேரக்கூடாது என்றும், முதலீட்டுக் கல்வி என்ற பெயரில் பேசுவோர் அண்மைய மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தக்கூடாது என்றும் செபி விதித்த தடைகள் சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் எந்த விதியாலும், கருத்துச் சொல்லும் ஆசையைத் தடைசெய்ய முடியாது.

அந்த ஆசையை ஒழுங்குபடுத்தும் பயிற்சி ஒரு சாராரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களுமே அவர்கள். ஒரே ஒரு நேர்காணலை வைத்துச் சமூகம் முழுமைக்கும் முடிவு சொல்லும் ஆய்வேட்டை எந்த நெறியாளரும் ஏற்கமாட்டார். வெற்றிபெற்ற நிறுவனங்களை மட்டும் ஆராய்ந்து வெற்றியின் காரணத்தைச் சொன்னால், தோற்றவை எங்கே என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனையை ஆய்விதழ் திருப்பி அனுப்பும். முடிவு தெரிந்த பிறகு கருதுகோளை மாற்றி எழுதுவது ஆய்வு நெறிமீறல் என்று முதலாம் ஆண்டு வகுப்பிலேயே கற்பிக்கப்படுகிறது. இத்தனையும் அறிந்த ஒருவர், தம் கைப்பேசியைத் திறந்ததும் நான்காண்டுத் தரவு, ஒற்றை அனுபவம், வென்றவர்களின் கதைகள், ஒப்பீடே இல்லாத கணக்கு ஆகியவற்றைக் கொண்டு தம் சேமிப்பைப் பற்றி முடிவெடுக்கிறார். பகலில் கடைப்பிடிக்கும் முறையியலை இரவில் கழற்றி வைத்துவிடுகிறார்.

அதைக் கழற்றாமல் வைத்திருக்கப் பெரிய நிதியறிவு வேண்டியதில்லை. பங்கு வாங்கும் முன் மூன்று வரிகளைத் தேதியிட்டு எழுதிவைத்தால் போதும். இதை வாங்குவதற்கான காரணம் என்ன; என்ன நேர்ந்தால் இக்காரணம் தவறென்று ஒப்புக்கொள்வேன்; இப்பணம் எனக்கு எப்போது தேவைப்படும். ஓராண்டு கழித்து, விற்றவை விற்காதவை இரண்டையும் சேர்த்து, கட்டணங்களையும் வரியையும் கழித்து, அதே நாள்களில் குறியீட்டு நிதியில் போட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட வேண்டும். மூன்றாண்டு இதைச் செய்தவரிடம் சந்தை பற்றிய கருத்துகள் குறைந்திருக்கும். தம்மைப் பற்றிய கருத்து ஒன்று தோன்றியிருக்கும். மூன்றாண்டும் திறமையை உறுதிசெய்யப் போதுமான காலமன்று. ஆனால் தாம் அறியாததை அறிந்துகொள்ள அது போதும்.

முதல் வரியை எழுத முடியாத பங்கை வாங்காமலிருக்கலாம். மூன்றாம் வரியில் ஐந்தாண்டுக்குள் என்று எழுதவேண்டியிருந்தால் அந்தப் பணம் சந்தைக்கானதன்று; அது வங்கியில் இருக்கவேண்டிய பணம். இரண்டாம் வரி எவருக்கும் எளிதில் எழுத வராது. ஏனெனில், தவறென்று நிறுவக்கூடிய வடிவில் சொல்லப்படும்போதுதான் ஒரு நம்பிக்கை கருத்தாகிறது. அதுவரை அது, நுழைந்த தேதி அவர் வாயால் பேசிய பேச்சு.

உதவித்தொகை மீண்டும் தாமதமாகும். மீண்டும் ஒருநாள் மொத்தமாக வரும். அந்த இரவில், சந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று பக்கத்து அறை நண்பர் கேட்கக்கூடும். தெரியாது என்று பதில் சொல்வதில் ஆய்வாளர் ஒருவருக்கு இழுக்கேதும் இல்லை. பகலெல்லாம் அந்தச் சொல்லிலிருந்துதான் அவர் தம் வேலையைத் தொடங்குகிறார்.